அண்ணி ஒட்டாத பச்சை ஸ்டிக்கர்

எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் சோப்பு மணக்காது. அண்ணி இப்போதைய வேலைக்கு மாறிய வாரமே பழைய சோப்பு, தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய், அண்ணன் ஆசையாக வாங்கி வைத்திருந்த சென்ட் பாட்டில் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடியேறிவிட்டன. அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் புகையிலும் வியர்வையிலும் இருந்துவிட்டு வருகிறவனுக்கு அது பெரிய இழப்பு.

“ஊர்ல எல்லாரும் மணக்கணும்னு சோப்பு வாங்கறாங்க. நாம மட்டும் மணக்கவே கூடாதுன்னு கடை கடையா ஏறித் தேடறோம்” என்றான்.

“அவ்வளவு ஆசையா இருந்தா சென்ட்ட பஸ்ஸுக்கு அடிச்சு விடுங்க. என் சட்டை தொங்கற பக்கம் வராதீங்க” என்றார் அண்ணி.

அண்ணி எங்கே வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், “காத்துக்கு மார்க் போடற எடத்துல” என்பார். அதற்கு மேல் விளக்க வேண்டியது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இயற்பியல் படித்தேன். படித்து முடித்த பின் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கருவியைப் பயன்படுத்தும் முறையை எளிய தமிழில் எழுத ஆள் வேண்டும் என்று அண்ணிதான் அழைத்துப் போனார். அன்று முதல் அங்கே என் பெயர் ‘பட்டதாரி’. அண்ணி வைத்தது. கேலியா, பெருமையா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருக்கும்.

அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்றின் மாடியில் மூன்று அறைகள், அவ்வளவுதான் கம்பெனி. அங்கே செய்யும் கருவி, நாங்கள் ‘பெட்டி’ என்போம், பென்சில் டப்பா அளவுதான் இருக்கும். அதற்குள் நகத்தளவு கண்ணாடித் துண்டு, அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு. தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் டீசல் சிந்தினால் வர்ணம் வர்ணமாக மின்னுமே, அதே தத்துவம். தின்னர், பெயின்ட், பெட்ரோல் போன்றவற்றிலிருந்து எழும் ஆவி காற்றில் கலந்து உள்ளே வந்தால் அந்தப் பூச்சு கொஞ்சம் உப்பும். உப்பினால், அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் ஒரு மயிரிழை நகரும். ஒரு பக்கம் சின்ன விளக்கு, மறுபக்கம் அந்த நகர்வைப் பார்க்கும் மின்கண். நகர்வு எண்ணாக மாறித் திரையில் தெரியும். எண் எல்லை மீறினால் மணி அடிக்கும். ‘எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்’ என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அண்ணி அவற்றை ‘ஆவி’ என்று மட்டுமே சொல்வார். பக்கத்து வீட்டம்மா அதைக் கேட்டுவிட்டு, அண்ணி மந்திரவாதியிடம் வேலை பார்ப்பதாகக் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு முன்னால் அண்ணி ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பாலிஷ் அறையில் இருந்தார். பத்தாவது முடித்ததும் போன இடம். நீளமான அறை, நாற்காலிகளையும் மேசைகளையும் வரிசையாக நிறுத்தி ஸ்ப்ரே கன்னால் பாலிஷ் அடிப்பார்கள். தூசி வந்து ஒட்டிவிடும் என்று கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும். தலைவலி என்பது அங்கே வேலையோடு சேர்ந்து வருவது. யாரும் அதைப் பேசுவதில்லை. அண்ணிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். காலையில் பேச ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிறுத்துவார்.

“ஒரு நாள் அவ பேச்சு பாதியில நின்னுச்சு. மாமியாரப் பத்திச் சொல்லிட்டு இருந்தா. மாமியார் கதைய அவ பாதியில விடற ஆளே இல்ல. அதான் திரும்பிப் பாத்தேன்” என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

ரேடியோ மேசையின் மேல் சாய்ந்து கிடந்தார். அண்ணி அவரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் உதைத்துத் திறந்து வெளியே கிடத்தினார். காற்றுப் பட்டதும் ரேடியோ கண் விழித்துவிட்டார். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் என்று சொல்லி ஃபோர்மேன் விஷயத்தை முடித்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, கண்ணாடி போட்ட ஒல்லியான இளைஞர் ஒருவர் சோதனைக்காக ஒரு கருவியைக் கொண்டுவந்து அந்தச் சுவரில் மாட்டினார். எண் ஏறு ஏறென்று ஏறியது. கருவி ரிப்பேர் என்று சொல்லி ஃபோர்மேன் அதைத் திருப்பி அனுப்பினார். அண்ணி அந்த இளைஞரின் பின்னாலேயே வாசல் வரை போனார்.

“அது என்ன சொல்லிச்சு?”

“இந்த ரூம்ல ஆள் நிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு.”

“அப்புறம் ஏன் கழட்டிட்டுப் போறீங்க?”

அவர் தன் கம்பெனி முகவரியைக் கொடுத்தார். அண்ணி முதலில் கருவிகளுக்கு மூடி ஒட்டிப் பெட்டி கட்டும் வேலைக்குத்தான் சேர்ந்தார். பிறகு சோதனை அறைக்கு மாறினார். அந்த இளைஞர்தான் எங்கள் இன்ஜினியர். எப்போதும் கையில் டார்ச் வைத்துக்கொண்டு எதற்குள்ளாவது வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு ‘டார்ச்’ என்று பெயர்.

சோதனை அறையில் அண்ணி செய்யும் வேலை, கேட்க எளிது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் முதலில் சிலிண்டரிலிருந்து சுத்தமான காற்றை விடுவார். எண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பிறகு தெரிந்த அளவு ஆவி கலந்த காற்று. எண் சரியான இடத்துக்கு ஏற வேண்டும். மறுபடியும் சுத்தக் காற்று. எண் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் தன் கையெழுத்தைப் போடுவார். ஸ்டிக்கர் இல்லாத பெட்டி படியிறங்காது. அந்த அறைக்குள் ஆரஞ்சு உரிக்கக் கூடாது, மார்க்கர் பேனா திறக்கக் கூடாது, நகப்பூச்சோடு நுழையக் கூடாது. நாங்கள் எல்லோரும் எந்த வாசனையும் இல்லாத மனிதர்கள். மதியச் சாப்பாடு மாடிப்படியில்தான்.

இந்த நிலையில்தான் அந்தப் பழைய மரச்சாமான் தொழிற்சாலைக்குப் புதிய மேனேஜர் வந்தார். பாலிஷ் அறை முழுக்க மாட்ட எங்களிடம் கருவிகள் கேட்டார். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் ரேடியோவுக்கு போன் செய்தார். அதே வாரம் எங்கள் கம்பெனி முதலாளியம்மா ஒன்று சொல்லியிருந்தார்: இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் சோதனை அறையின் முழுப் பொறுப்பும் அண்ணிக்கு. பொறுப்பாளர் என்று கதவில் பெயர்ப் பலகை வரும். அண்ணன் இப்போதே அண்ணியை “மேனேஜரம்மா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அந்த ஆர்டருக்கான பெட்டிகள் சோதனைக்கு வந்தன. எண் ஏறியது. ஆனால் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் மேலே நின்றுகொண்டது.

அந்த அறையில் எண் தவறினால் முதலில் மனிதரைத்தான் சந்தேகிப்போம். பெரும்பாலும் அதுதான் உண்மையாகவும் இருக்கும். அண்ணி டார்ச்சின் கன்னத்துக்கு அருகில் போய் முகர்ந்தார்.

“ஷேவ் பண்ணிட்டு என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலக்கா. தண்ணிதான்.”

“பொண்ணு பாக்கப் போறீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

“போனா உங்ககிட்ட சொல்லாமலா போவேன்!” என்ற டார்ச், முதலாளியம்மாவின் கைக்கு க்ரீம் பூசும் பழக்கத்தை மெல்ல நினைவூட்டினார். முதலாளியம்மா கையை விரித்துக் காட்டினார். வெறும் கை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

“பட்டதாரி, இங்க வா. கையக் காட்டு.”

என் ஆள்காட்டி விரலில் கறுப்பு மை. கீழே கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு மார்க்கரால் முகவரி எழுதிவிட்டு வந்திருந்தேன். விடுதலை இல்லை. இரண்டு முறை கை கழுவ வைத்து, படியில் உட்கார வைத்தார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டாள் என்ற நிம்மதியில் அண்ணி மறுபடியும் சோதித்தார். எண் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. அதற்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் முகர்ந்து முகர்ந்து சலித்துப் போயிருந்தோம்.

தொழிற்சாலையிலிருந்து முதலாளியம்மாவுக்கு போன் வந்தபடியே இருந்தது. மேனேஜர் புதியவர். இன்னும் தாமதமானால் அங்கே இதெல்லாம் தேவையா என்று கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். முதலாளியம்மா சோதனை அறை வாசலில் வந்து நின்றார்.

“எல்லா பெட்டியும் ஒரே அளவுதானே தள்ளி நிக்குது? அந்த எடத்தையே பூஜ்யம்னு வச்சுட்டா என்ன?”

டார்ச் தலையைச் சொறிந்தார். “வைக்கலாம் மேடம். இன்னிக்கு சரியா காட்டும். ஆனா இந்தத் தள்ளல் எதனால வருதுன்னு தெரியாது. நாளைக்கு அது கொறைஞ்சு போச்சுன்னா, ரூம்ல இருக்கற ஆவிய விடக் கம்மியா காட்டும். மணி லேட்டா அடிக்கும்.”

“எவ்வளவு லேட்டா?”

“தெரியலையே மேடம்.”

“எனக்குத் தெரியும். ரேடியோ பேச்ச நிறுத்தினதுக்கு அப்புறம் அடிக்கும்” என்றார் அண்ணி.

ரேடியோ யார் என்று முதலாளியம்மாவுக்குத் தெரியும். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் அந்த மாடியில் யாரும் இல்லை. ஆனாலும் அவருடைய கவலையும் பொய்யில்லை. அந்த ஆர்டரை நம்பித்தான் எங்கள் எல்லோருடைய அடுத்த மாதங்களும் இருந்தன. “நாளைக்குள்ள ஒரு முடிவு வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி ஸ்டிக்கர் சுருளை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

மறுநாள் மதியம் அண்ணி ஒரு காரியம் செய்தார். ஒரு கருவியில் காற்று நுழையும் துளையையும் வெளியேறும் துளையையும் மூடிபோட்டு இறுக்கினார். பக்கத்தில் பழைய பெட்டி ஒன்றையும் அதேபோல் மூடி வைத்தார். எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளி அறையைப் பூட்டினார். “இப்ப யார் மேலயும் பழி போட முடியாதில்ல?” என்றார். நாங்கள் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணி சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது பழைய பெட்டி பூஜ்யத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. புதியதில் எண் முன்னைவிட நன்றாக ஏறியிருந்தது. ஆளில்லாத அறையில், எதுவும் நுழைய முடியாத டப்பாவுக்குள்.

“வெளிய இருந்து வரல” என்றார் டார்ச். குரலில் சந்தோஷமே தெரிந்தது. “உள்ளேயே ஏதோ ஆவி விடுது. காத்த ஓட விட்டா அடிச்சுட்டுப் போயிடுது, கொஞ்சம்தான் தங்குது. மூடி வச்சதும் சேந்துடுச்சு. அக்கா, நீங்க பண்ணினதுதான் சரியான டெஸ்ட்.” முதலாளியம்மாவை அழைத்து வர ஓடினார்.

அண்ணி புதிய பெட்டியையும் பழைய பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் விளக்கு ஒன்றுதான். கண்ணாடி ஒன்றுதான். டப்பாவும் ஒன்றுதான். அவருடைய கட்டைவிரல் மூடியின் ஓரத்தில் நின்றது. அங்கே பளிங்கு போல ஒரு மெல்லிய கோடு.

“பசை” என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூடியை ஒட்டும் பழைய பசை நாற்றமடிக்கும், காய ஒரு நாள் ஆகும். பெட்டி கட்டும் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டுவார்கள். அண்ணியும் ஒரு காலத்தில் அப்படி ஒட்டியவர்தான். அவர்களுக்காகக் கடைகடையாக ஏறி, வாசனையே இல்லாத, சட்டென்று காயும் பசையைக் கண்டுபிடித்து, முதலாளியம்மாவிடம் வாதாடி மாற்ற வைத்தவர் அண்ணி. இந்த ஆர்டர்தான் அந்தப் பசையில் ஒட்டிய முதல் ஆர்டர்.

அறையில் நாங்கள் இருவர் மட்டுமே. படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தச் சில நொடிகளில் என் தலைக்குள் ஓடியதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. பசையை வாங்கியது ஸ்டோர்ஸ் பிரிவு. அதில் இன்ஜினியரின் ஒப்புதலும் உண்டு. காரணம் தெரிந்துவிட்டது, அது போதாதா? யார் சொல்லி வாங்கியது என்று இன்றைக்கே பேச வேண்டுமா? பெயர்ப் பலகை வந்த பிறகு சொன்னால் ஆகாதா? நான் படித்த படிப்பு எனக்கு இவ்வளவு வேகமாகச் சாக்குத் தேடத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறதா என்று தெரியவில்லை.

முதலாளியம்மா உள்ளே வந்ததும் அண்ணி எழுந்து நின்றார்.

“மேடம், பசைதான். நான் மாத்தச் சொன்னேனே, அதே பசை. வாசனை இல்லன்னு மோந்து பாத்து முடிவு பண்ணிட்டேன்.”

முதலாளியம்மா பெட்டியை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“மூக்க நம்பக் கூடாதுன்னுதான் இந்தப் பெட்டியையே செய்யறோம்” என்றார் அண்ணி. “அதுக்குள்ள போற பசைய நான் மூக்க நம்பி வாங்க வச்சுட்டேன். ஒரு சொட்ட டப்பாவுல போட்டு மூடி வச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

“நானும்தான் பாக்கல” என்றார் டார்ச். “ஒப்புதல் குடுத்தது நான்.”

“நீங்க அப்புறம் அழுங்க” என்றார் முதலாளியம்மா. அவருக்குக் கோபம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இப்ப என்ன பண்ணணும்?”

“எல்லாப் பெட்டியையும் பிரிக்கணும் மேடம். பசையச் சுரண்டி எடுக்கணும். மூடிக்குப் பசையே வேண்டாம், ரப்பர் வளையம் வச்சு ஸ்குரூ போட்டுடலாம். அந்த ரப்பரையும் மூடி வச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்.”

“ஆர்டர் லேட்டாகும்.”

“ஆகும்.”

முதலாளியம்மா போனை எடுத்துக்கொண்டு படிக்குப் போனார். பெயர்ப் பலகையைப் பற்றி அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இன்றுவரை சொல்லவில்லை.

பிரிக்கும் வேலையில் எல்லோரும் உட்கார்ந்தோம். பசை நன்றாகவே ஒட்டியிருந்தது. அந்த விஷயத்தில் அண்ணியின் தேர்வைக் குறை சொல்லவே முடியாது. பெட்டி கட்டும் பெண்களிடம் நடந்ததை அண்ணியே சொன்னார். “உங்க மூக்குக்கு நல்லது செய்யப் போய் உங்க விரலுக்கு வேல வச்சுட்டேன்” என்றார். அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், “அக்கா, அடுத்த தடவ எங்களுக்கு நல்லது பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க, லீவு போட்டுக்கறோம்” என்றாள்.

சாயங்காலம் வீட்டில் ரேடியோவின் போன். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை; அடுக்களை வரை கேட்டது.

“என்னடி, உன் பெட்டி வருது வருதுன்னு சொல்லி என் முடியே நரைச்சுப் போச்சு! வருமா, வராதா?”

“வரும்டி. ஒரு தப்புப் பண்ணிட்டேன். சரி பண்ணிட்டு இருக்கோம்.”

“நீயா? தப்பா? இரு, இரு, இத எல்லார்கிட்டயும் சொல்லணும்.”

“சொல்லு. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ரேடியோவை ஊமையாக்கிய இரண்டாவது விஷயம் அது என்றான் அண்ணன்.

ஒருவழியாக, மூடி வைத்துப் பார்த்தும் எண் அசையாத பெட்டிகள் தயாராயின. அண்ணி ஸ்டிக்கர் சுருளை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். நான் கையேட்டில் சேர்க்க வேண்டியதைக் கேட்டேன். “அலங்காரமா எழுதாத. படிக்கறவ தலைவலியோட படிப்பா” என்றார்.

தொழிற்சாலையில் மாட்டும் நாளில் முதலாளியம்மாவும் வந்தார்; என்னையும் அழைத்துப் போனார்கள். அண்ணி சொன்னதைக் கேட்டுக் கேட்டு நான் கற்பனை செய்து வைத்திருந்த அறையைவிட அது சிறியதாக இருந்தது. ரேடியோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதுதான் உங்க வீட்டுப் பட்டதாரியா? பேசுமா?” என்றார். டார்ச் சுவர்களில் கருவிகளை மாட்டினார். பழைய ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். வழக்கம்போல் கதவுகளை மூடிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். இரண்டு நாற்காலிக்குப் பாலிஷ் அடித்து முடிப்பதற்குள் மணி அடித்தது.

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. அண்ணி ஒரு அதட்டல் போட்டார். பேருந்தில் அண்ணன்கூட அப்படிக் கத்த மாட்டான். ஸ்ப்ரே கன்களை வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். முற்றத்தில் நின்று மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

புதிய மேனேஜர் முதலாளியம்மாவிடம் கேட்டார். “இத நம்பலாமா மேடம்? சும்மா சும்மா அடிக்காதே?”

முதலாளியம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினார்.

“போன மாசம் இது தப்பா காட்டிச்சு சார். எங்க பசையோட ஆவியையே எங்க பெட்டி பிடிச்சுக் காட்டிட்டு இருந்தது. அந்தப் பசைய வாங்கச் சொன்னது நான். எல்லாத்தையும் பிரிச்சு, மாத்தி, திரும்ப டெஸ்ட் பண்ணிட்டுக் கொண்டு வந்திருக்கோம். அதான் லேட்டு.”

முதலாளியம்மாவின் முகம் வெளுத்தது. வாங்குகிறவரிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் அண்ணியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப இது இப்ப அடிக்கறது?”

“இது உங்க தின்னர் சார்.”

ஃபோர்மேன் குறுக்கே வந்தார். “சரி, இத நிறுத்தற சுவிட்ச் எங்க இருக்கு?”

“சுவிட்ச் இல்லண்ணே. கதவத் தெறந்து ஃபேனப் போடுங்க. காத்து சரியானா அதுவே நின்னுடும்.”

ஃபோர்மேன் அசையாமல் நின்றார். மேனேஜரே நடந்து போய், பாலிஷ் அறையின் இரட்டைக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார். அவர் சுவிட்சைப் போட்டதும், தூசி திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேன் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. முற்றத்தில் ரேடியோ தன் மாமியார் கதையை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி மட்டும் கதைக்குக் காது கொடுக்காமல், திறந்த கதவு வழியாகச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தபடி நின்றார். முதலாளியம்மா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.